நாகராசுவின் மூன்றாம் பிள்ளை

முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை புவனேஸ்வரிக்குப் புதிதல்ல. கல்யாணமாகி ஆதனக்கோட்டைப் பக்கம் வந்த நாளிலிருந்து அந்தப் புகையில்தான் அவள் காலம் ஓடியது. இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டு வறுக்கும்போது அதிலிருந்து வடியும் எண்ணெய் பற்றிக்கொண்டு எரியும். கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். அதையெல்லாம் பொருட்படுத்தாமல் பக்கத்தில் இருப்பவளிடம் கதை பேசிக்கொண்டே கிளறுகிறவள்தான் அவள். ஆனால் அன்றைக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியதும் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குத் திக்கென்றது.

அவள் புருஷன் நாகராசு செத்து அப்போதுதான் முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதை இறைத்து வடிக்க மோட்டாரைப் போடப் போனவனைக் கரண்டு பிடித்துக்கொண்டது. விழுந்து கிடந்தவனைத் தொட விடாமல் அவளை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். லைனை நிறுத்திவிட்டு வந்து தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த மாதம் நாள் தள்ளிப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோறு இல்லை, தூக்கம் இல்லை, துக்கத்தில் உடம்பு இப்படித்தான் பண்ணும் என்று இருந்துவிட்டாள். வாந்தி எடுத்த மறுநாள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், தன்னைத் தெரியாத மெடிக்கலாகப் பார்த்துச் சோதனை அட்டை வாங்கிவந்தாள். இரண்டு கோடு விழுந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே சின்னவள் அமிர்தா, "அம்மா, சீக்கிரம் வாம்மா, அக்கா என் பென்சிலக் குடுக்க மாட்டேங்குறா" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அமிர்தா பிறந்தபோது நடந்ததைப் புவனேஸ்வரி மறக்கவில்லை. பிள்ளை வெளியே வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்சில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யார் யாருடைய ரத்தமோ ஏற்றித்தான் அவளை மீட்டார்கள். இன்னொன்று வந்தால் ரொம்பப் பார்த்து இருக்கணும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு நாகராசு கட்டிலருகே உட்கார்ந்து, "ரெண்டு போதும் புவனா. என்னைய ஒத்தையா விட்டுட்டுப் போயிறாத" என்று அழுதான். ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருவரும் நினைத்ததுதான். நாகராசுவின் தாய் காத்தாயிதான், "ரெண்டும் பொண்ணாப் போச்சு. கொஞ்சம் பொறுங்க, என்ன அவசரம்" என்று தள்ளிப்போட வைத்தாள். தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டதாகவே நின்றுவிட்டது.

மாமியாரிடம் மறைத்து எதையும் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த காத்தாயியிடம் போய் நின்றாள்.

"அத்த, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

காத்தாயி வாளியைக் கீழே வைத்தாள். மகன் செத்த நாளிலிருந்து சாம்பல் பூத்துக் கிடந்த அந்த முகத்தில் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது போல இருந்தது. இரண்டு கையாலும் மருமகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டான்த்தா. எம்மகன் வந்துட்டான். நான் சொன்னேன்ல, என்னைய விட்டுட்டு அவனால இருக்க முடியாதுன்னு."

புவனேஸ்வரி சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். மீதிப் பாதியை அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவளுக்குக் கொடுமை. காத்தாயி அவளைக் குடத்தைத் தொட விடவில்லை. வறுக்கும் இடத்துக்குத் தானே போய் நின்றாள். குலசாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டு வந்தாள். பேத்திகளைக் கூப்பிட்டு, "ஒங்கப்பன் தம்பியா வாராண்டி" என்று சொல்லிச் சிரித்தாள். பெரியவள் சத்யா விவரம் தெரிந்தவள். அவள் சிரிக்காமல் தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் இனியும் வாயைத் திறக்காமல் இருப்பது பாவம் என்று புவனேஸ்வரிக்குப் பட்டது.

சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள். "அத்த, என்னால இத சுமக்க முடியாது. போன தடவையே செத்துப் பொழச்சேன். எனக்கு ஒண்ணுன்னா இதுக ரெண்டும் எங்கிட்டுப் போகும்? அவுக இருந்தாலாவது பாத்துக்குவாக. இப்ப யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"நீங்க இருக்கீங்க. ஒங்களுக்கும் வயசாகுது."

காத்தாயி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். வாசல்படி வரை போய்த் திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எம்மகன் ஒரு தடவை செத்தது பத்தாதா ஒனக்கு?"

புவனேஸ்வரி அந்தத் தட்டை எடுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அழுகை வரவில்லை. நாகராசு செத்ததிலிருந்தே அவளுக்குச் சரியாக அழுகை வரவில்லை. காரியத்தன்று மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களுக்கு நடுவில் அவள் கட்டை மாதிரி உட்கார்ந்திருந்ததை ஊரில் சிலர் பேசிக்கொண்டதும் அவள் காதுக்கு வந்தது.

கலைப்பதற்கென்று அவள் முதலில் போன ஆஸ்பத்திரியின் படியில் பிறகு எந்தக் காலத்திலும் ஏறவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண் விவரம் கேட்டுவிட்டு, பேனாவை மூடியபடியே சொன்னாள்.

"வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும்மா."

"அவுக இல்லைங்க."

"எந்த நாட்டுல இருக்காரு? சம்மதம்னு எழுதி போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க."

"செத்துப் போயிட்டாங்க."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். மறுபடியும் நெற்றியைப் பார்த்தாள். "எப்ப?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று புவனேஸ்வரிக்குத் தெரிந்தது. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பி வெளியே வந்தாள். வெயிலில் நின்றபடி நாத்தனார் சுகுணாவுக்குப் போன் போட்டாள். நாகராசுவின் தங்கை அவள். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுகுணா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று புவனேஸ்வரி போனை எடுத்துப் பார்த்தாள்.

"இருக்கேன் அண்ணி" என்றாள் சுகுணா. "நீங்க இங்க வந்துருங்க. எங்க கடைப்புள்ளைங்க போற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. மூஞ்சியச் சுளிக்க மாட்டாங்க."

டாக்டர் அன்புமொழியின் கிளினிக் மாடியில் இருந்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் அவர், "திரையை அங்கிட்டுத் திருப்பி வச்சிரவா, பாக்குறீங்களா?" என்று கேட்டார். புவனேஸ்வரி திருப்பிவிடச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் திரையின் முதுகையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு டாக்டர் சுகுணாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கலைச்சிருன்னு யாராவது உங்களை வற்புறுத்துறாங்களா?"

"இல்லைங்க. வச்சுக்கன்னுதான் எங்க அத்த சொல்றாக."

"நீங்க என்ன சொல்றீங்க?"

இத்தனை நாளில் அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. மாமியார் மகனைப் பற்றிப் பேசினாள், ஆஸ்பத்திரிக்காரி புருஷனைக் கேட்டாள். அவள் தயங்கித் தயங்கி அமிர்தா பிறந்த கதையைச் சொன்னாள். ரத்தம் போனதைச் சொன்னாள். மோட்டார் கொட்டகையைச் சொன்னாள். கடைசியில், "அவுக புள்ளைங்க இது. வேணாம்னு சொல்றதுக்கு நாக்கு கூசுது. ஆனா எனக்கு முடியலைங்க" என்றாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார். "சட்டப்படி உங்க கையெழுத்து மட்டும் போதும்மா. புருஷன் இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டாலும் அப்படித்தான். உங்களைத் திருப்பி அனுப்புனது தப்பு. ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, முன்னாடி அப்படி ஆகியிருக்கிறதால எல்லாம் தயாரா வச்சுக்கிட்டுத்தான் செய்வேன். வீட்டுக்குப் போயி இன்னொரு தடவை யோசிங்க. கடைசி நிமிஷத்துல மனசு மாறினாலும் எழுந்திரிச்சுப் போயிரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

குறித்த நாளில் அவள் கிளம்பும்போது காத்தாயி கொல்லைப்புறத்தில் இருந்தாள். "போயிட்டு வாரேன்த்த" என்று புவனேஸ்வரி சொன்னது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. விறகு பிளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் காலையிலேயே மாத்திரை கொடுத்தார்கள். கர்ப்பப்பை வாய் இளகுவதற்கு என்று நர்ஸ் கண்ணாத்தாள் விளக்கிச் சொன்னாள். தலைமுடி நரைத்த, தடித்த கையுள்ள மனுஷி. மாத்திரை கரையக் கரைய அடிவயிறு பிசைய ஆரம்பித்தது. குளிர் எடுத்தது. கண்ணாத்தாள் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனாள். கட்டிலோரத்தில் சுகுணா உட்கார்ந்திருந்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் பிறகு அடக்கிக்கொள்வதுமாக இருந்தாள்.

"என்ன சுகுணா?"

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே அண்ணி."

"சொல்லு."

"பெத்து எங்கிட்ட குடுத்துருங்களேன். நான் வளக்குறேன். எம்புள்ளையோட புள்ளையா வளந்துட்டுப் போகட்டும். அண்ணன் ஜாடை இருக்குமே அண்ணி."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கூட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான். இத்தனை நாள் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் கூடவே நடந்திருக்கிறாள்.

புவனேஸ்வரி போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். "பெத்துட்டா என்னால குடுக்க முடியாது சுகுணா. அது எனக்குத் தெரியும். பெத்து முடிக்கிற வரைக்கும் நான் இருப்பேனாங்கறதுதான் தெரியல. அன்னைக்கு ஆம்புலன்சுல போறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சத்யாவுக்கு யாரு தலை சீவி விடுவாங்கற ஒரே நெனப்புதான். இப்ப அவுகளும் இல்ல."

சுகுணா தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேசையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள். கையில் ஊசி ஏறியது. டாக்டர் செய்கிற ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். இப்ப சில்லுனு இருக்கும், இப்ப ஊசி போடுறேன், சுருக்குனு குத்தும், இப்ப இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலிக்கும், மூச்சை நல்லா இழுத்து விடுங்க. மயக்க மருந்து அவளை முழுசாகத் தூங்க வைக்கவில்லை. எல்லாம் கொஞ்சம் தூரத்தில் நடப்பதுபோல் ஆக்கிவைத்திருந்தது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அடிவயிற்றின் ஆழத்திலிருந்து யாரோ முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி வந்தது. "ஆத்தா" என்று கத்தினாள். கண்ணாத்தாளின் தடித்த கை அவள் கையை இறுக்கிப் பிடித்தது. "ஆச்சும்மா, ஆச்சு, இந்தா முடிஞ்சுருச்சு."

அந்த நேரத்தில் அவள் நாகராசுவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ஆனால் முகம் வரவில்லை. முச்சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் இருந்த படம்தான் வந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்து வெட்டி ஒட்டிய, சிரிக்காத படம். வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வரப்பில் வருவானே அந்த முகம், அமிர்தாவைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழா பார்த்தானே அந்த முகம், எதுவும் வரவில்லை. எவ்வளவு இழுத்தாலும் அந்த பிளக்ஸ்தான். வலியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

பிறகு சத்தம் நின்றது. "நல்லபடியா முடிஞ்சுதும்மா. ரத்தம் அதிகம் போகல" என்றார் டாக்டர்.

ஓய்வறையில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். பசி அகோரமாக இருந்தது. பன்னைப் பிய்த்துத் தின்னும்போது இப்படிப் பசிக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாத்தாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு ரத்தம் படும், துணி சட்டு சட்டுனு நனைஞ்சா, காய்ச்சல் அடிச்சா உடனே போன் பண்ணு, வெயிட்டு தூக்காத, மாத்திரையை விடாமச் சாப்பிடு. சொல்லிக்கொண்டே வந்தவள், அதே வேகத்தில் கேட்டாள்.

"அடுத்தது தங்காம இருக்க காப்பர்-டி வச்சுக்கிறியாம்மா?"

புவனேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்காகம்மா?"

கண்ணாத்தாள் கையிலிருந்த மாத்திரை உறையைக் கட்டிலில் வைத்தாள். "ஐயோ, என் புத்தி" என்றாள். பிறகு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த நோயாளிக்காக அவளைக் கூப்பிட்ட குரல் இரண்டு முறை கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று சுகுணா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் புவனேஸ்வரி ஊருக்கு வந்தாள். வீடு சாத்தியிருந்தது. காத்தாயி ஆவுடையார்கோவிலில் இருக்கும் தம்பி ஆண்டிச்சாமி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எப்போது வருவாள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லையாம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் போயிருந்தாள்.

"அப்பத்தா எங்கம்மா?" என்று அமிர்தா கேட்டாள்.

"ஆண்டிச்சாமி தாத்தா வீட்டுக்கு. வரும்."

"தம்பி?"

சத்யா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதன் பிறகு உடம்பு மெல்லத் தேறியது. சொன்னபடிதான் ரத்தம் பட்டது, சொன்னபடிதான் நின்றது. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வாந்தி நின்றுபோனது. சோறு பிடித்தது. ஒரு மத்தியானம் படுத்தவள், நாகராசு செத்த பிறகு முதல் தடவையாகக் கனவே இல்லாமல் தூங்கி எழுந்தாள். எழுந்ததும் நெஞ்சில் ஒரு லேசு தெரிந்தது. பயம் போயிருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் இருப்பேன் என்று இருந்தது. அந்த லேசைக் கண்டதும் இன்னொரு பக்கம் குற்றம் செய்தவளைப் போலக் குறுகிப்போனாள். இரண்டும் மாறி மாறி வந்தன. ஒன்று மற்றதைத் துரத்திவிடவில்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் காத்தாயி வந்து சேர்ந்தாள். அந்த வருஷம் அந்த வீட்டில் பொங்கல் கிடையாது. பையை வைத்தாள், பேத்திகளைக் கட்டிக்கொண்டாள், மாட்டைப் போய்த் தடவிப் பார்த்தாள். மருமகளிடம் ஒரு பேச்சும் இல்லை. போட்ட சோற்றைத் தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இரண்டு வீட்டுக்காரர்களைப் போல இருந்தார்கள்.

ஒரு நாள் வறுத்த கொட்டையைக் கொட்டி வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காத்தாயி தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சுத்த."

"ரொம்பவா?"

"ம்."

காத்தாயி இன்னொரு கொட்டையை உடைத்தாள். பருப்பு நொறுங்கிவிட்டது. "தம்பி வீட்டுல ஒரு வாய் சோறு எறங்கல. ஒன்னையத் திட்டிக்கிட்டேதான் படுத்துக் கெடந்தேன். திட்டிக்கிட்டே இருக்கையில, இந்தப் புள்ளைக்கு யாரு சுடுதண்ணி வச்சு ஊத்துனாகன்னு ஒரு நெனப்பு வந்துரும்."

"யாரும் ஊத்தலத்த. நானாத்தான் ஊத்திக்கிட்டேன்."

"எனக்கு ஆறல புவனா. பொய்யி சொல்ல மாட்டேன். ஆறும்னும் தோணல. அவன் வாரான்னு ஒரு நெனப்புல நாலு நாளு மனுசியா நடமாடுனேன், அதுவும் போச்சு." கருத்துப்போன விரல்களைச் சாம்பலில் தேய்த்தாள். "ஆனா ஒன்னைய ஒத்தையா விட்டுட்டு அங்கிட்டுப் போயி ஒக்காந்தது தப்பு. நீயும் அவனப் பறிகொடுத்தவதான்."

சாயங்காலம் காத்தாயி பெரிய அண்டாவில் தண்ணீர் காய வைத்தாள். நொச்சித் தழையை ஒடித்து வந்து போட்டாள். இத்தனை நாள் கழித்து இது எதற்கு என்று புவனேஸ்வரி கேட்கவில்லை. காத்தாயியே தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துவிட்டு, "சூடு பாத்து ஊத்திக்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் செம்பை எடுத்து முதுகில் ஊற்றியதும் புவனேஸ்வரிக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்குமே என்ற கூச்சம்கூட இல்லாமல், அன்றைக்குக் காரியத்தில் அழாத அழுகை, கிளினிக்கில் அழாத அழுகை, இரண்டு சாவுக்கும் சேர்த்து அழுதாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அமிர்தா, "அம்மா அழுவுது அப்பத்தா" என்று ஓடினாள்.

"அழுவட்டும்" என்றாள் காத்தாயி. குளியலறைக் கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்தபடி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க அங்கிட்டுப் போயி வெளாடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."